சனிக்கிழமை, கிழக்கே சூலம்

மன்னார்குடி வரைக்குமா தம்பி? நானும் மன்னார்குடிதான். உக்காருங்க, உக்காருங்க. இன்னிக்கு மன்னார்குடி, நாளைக்கு மலேசியா. நெசமாத்தான் சொல்றேன். நாளைக்குப் பகல் பன்னெண்டு இருபதுக்குத் திருச்சியில ஏறுறோம், நானும் எங்க வீட்டம்மாவும். நாலு நாளு. இந்தாங்க, டிக்கெட்டப் பாருங்க. தைரியமாப் புடிங்க, ஒண்ணும் ஆகாது, லேமினேஷன் பண்ணியிருக்கேன். போன்ல காட்டினாலே போதும்னு மங்கை சொல்றா. மங்கைன்னா எங்க வீட்டம்மாதான், முழுப் பேரு மங்கையர்க்கரசி. போன நம்பி எப்படித் தம்பி போறது? சார்ஜ் போயிட்டா டிக்கெட்டும் போச்சு. நான் ஆறு காப்பி எடுத்து, ஆறையும் லேமினேஷன் போட்டு, ரெண்டு அவ கைப்பையில, ரெண்டு பெட்டியில, ஒண்ணு என் சட்டைப் பையில, ஒண்ணு வீட்ல சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கேன். இதுக்குத்தான் அனுபவம் வேணும்ங்கிறது.

அனுபவம்னு ஏன் சொல்றேன்னா, நான் ஏற்கனவே பிளேன்ல போனவன். என் பேரு தட்சிணாமூர்த்தி. கும்பகோணத்துல எங்க தெருவுக்குப் போயி மஸ்கட்டு தட்சிணாமூர்த்தி வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ள கூட கையக் காட்டும். மஸ்கட்ல ஒரு பெரிய ஓட்டல்ல கிச்சன் இன்சார்ஜ். மூணு வருஷம். ஒவ்வொரு அண்டாவும் அறுபது லிட்டரு பிடிக்கும் தம்பி. அடிப்பிடிச்சுதுன்னா சுரண்டி எடுக்கறதுக்குள்ள நகம் போயிடும். அதாவது, சுரண்டுறவனுக்கு. தொண்ணூத்தெட்டுல திரும்பி வந்தேன், அதுக்கப்புறம் பிளேன் ஏறல. ஏறலேன்னா என்ன, மறந்தா போயிடும்? தெருவுல யாரு வெளிநாடு கெளம்பினாலும் என்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவாங்க. கேக்கலேன்னா நானே போயிச் சொல்லிட்டு வந்துடுவேன்.

இந்தப் பயணம் அவ ஏற்பாடு. அங்கன்வாடி டீச்சரா இருந்தா, போன வருஷம் ரிட்டையர் ஆனா. அதுல வந்த பணத்துல ஒரு பங்க எடுத்துத் தனியா வெச்சிருக்கா, எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் ரசம் ஊத்திக்கிட்டே, 'நான் மலேசியா போறேன், நீங்களும் வர்றீங்களா'ன்னு கேட்டா. கேட்ட விதத்தப் பாருங்க. வெகுளி தம்பி அவ. எப்படிக் கேக்கணும்னு கூடத் தெரியல. சரி, நான் கூட்டிட்டுப் போறேன், நீ கவலைப்படாதன்னு சொன்னேன். ரசத்த ஊத்திட்டு மோரு எடுக்கப் போயிட்டா.

அன்னையிலேர்ந்து மூணு மாசமா எனக்குக் கால் தரையில படல. கண்ண முழிச்சதும் வாயில மலேசியாதான் வருது. பால்காரர்கிட்ட இருபத்தொண்ணாம் தேதியிலேர்ந்து நாலு நாளு பால் வேணாம்னு ஒரு தடவ சொன்னாப் போதாதா? நான் தெனம் சொன்னேன். ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு அவரே, 'தெரியும் சார், மலேசியா'ன்னுட்டு சைக்கிள மிதிச்சுட்டாரு. முடி வெட்டப் போனா அங்கயும் சொன்னேன். பேங்க்ல பாஸ்புக்கு போடப் போனப்ப கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்டயும் சொன்னேன். அது வாழ்த்துக்கள் சார்னு சொல்லிச்சு. நல்ல பொண்ணு.

முதல்ல மங்கைக்கு ட்ரெயினிங். பிளேனே ஏறாதவ, அங்க வந்து முழிக்கக் கூடாது பாருங்க. கூடத்துல ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலிய ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு போட்டேன். என் பழைய இடுப்பு பெல்ட்ட நாற்காலியில கட்டி, இப்படி மாட்டணும், இப்படிக் கழட்டணும்னு காமிச்சேன். மேல ஏறுறப்ப காது அடைக்கும், அதுக்குப் பஞ்சு, பெப்பர்மின்ட்டு. எல்லாம் குடுத்துட்டு, இப்பக் கெளம்புதுன்னு சொல்லி நாற்காலியப் பின்னால லேசா சாய்ச்சேன். கொஞ்சம் ஜாஸ்தியா சாஞ்சுடுச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, பெல்ட் போட்டிருந்தா. நாற்காலிக்குத்தான் பின்னங்காலு ரெண்டும் போச்சு. எழுந்திரிச்சுப் பொடவைய ஒதறிட்டு, 'மிச்சத்த நான் யூட்யூப்ல பாத்துக்குறேன்'னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கூச்சம் அவளுக்கு.

அப்புறம் பெட்டி. புதுசா சக்கரம் வெச்ச பெட்டி, ஊதா கலரு, அவ வாங்கினது. நான் பன்னெண்டு முழம் நைலான் கயிறு வாங்கிட்டு வந்து குறுக்க நெடுக்க இறுக்கிக் கட்டி, வெள்ளப் பெயின்ட்ல பேரு, தெரு, ஊரு, பின்கோடு எல்லாம் எழுதினேன். அங்க எறங்கினா ஓடுற பெல்ட்டுல நூறு பெட்டி சுத்தி வரும். எழுத்து பெருசா இருக்கறவன்தான் முதல்ல வெளிய வருவான். மறுநாள் காலையில பாத்தாக் கயித்தக் காணோம். கொல்லையில கொடி கட்டி அதுல துணி காயப் போட்டிருக்கா. பெயின்ட்டையும் எதையோ போட்டுத் தொடச்சிருக்கா, 'கும்ப' மட்டும் போகல. அது அப்படியே இருக்கு, பரவாயில்ல, நமக்கு அடையாளம்தானே வேணும்.

எடை வேற பாக்கணும். பழைய பேப்பர் கடைக்குப் பெட்டிய உருட்டிட்டுப் போயி அவரு தராசுல வெச்சேன். 'என்ன சார், பெட்டியோடயே போடுறீங்களா'ன்னு கேட்டாரு. விமானத்துக்குன்னேன். மனுசன் எழுந்து நின்னுட்டாரு. என்னோட சஃபாரி சூட்ட எடுத்து வெச்சிருக்கேன், மஸ்கட்டுலேர்ந்து வந்தப்பப் போட்டிருந்தது. பட்டன் எட்டல, ஆனா தொறந்து விட்டா அது ஒரு தினுசா நல்லாத்தான் இருக்கு.

அவ பண்றதக் கேட்டா சிரிப்பீங்க. பொடவைக்கு ஷூ வாங்கியிருக்கா. கேன்வாஸ் ஷூ. தெனம் காலையில மகாமகக் குளத்த ஆறு சுத்து. அங்க நெறைய நடக்கணும், காலு பழகணுமாம். மத்த நேரமெல்லாம் போன்ல எதையாவது தட்டிக்கிட்டு இருப்பா. எந்த ஓட்டலு, எந்த ரயிலு, எந்த எடத்துல எறங்கணும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கா. பாஸ்போர்ட்டுக்கு எனக்கும் சேத்து அவளே ஃபாரம் ரொப்பிட்டா. நான் போயி உக்காந்தாத்தான் போட்டோ எடுப்பாங்களாம், அதுக்கு மட்டும் என்னையக் கூட்டிட்டுப் போனா. விசாவுக்கு நான் மெட்ராஸ் போயிட்டு வர்றேன்னேன். இப்ப விசாவே வேணாமாம். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு தம்பி. விசா இல்லாம அது என்ன வெளிநாடு? சரி, இந்த மாதிரி சின்னச் சின்ன வேலையெல்லாம் அவ பாத்துக்கிட்டா. பெரிய வேலையெல்லாம் நான்தான்.

இல்ல தம்பி, அவ இதுக்கு முன்னாடி ஏறினதே இல்ல. ஏற இருந்தா. தொண்ணூத்தேழுல. அது ஒரு தமாஷு. நான் மஸ்கட்டுலேர்ந்து லெட்டர் போட்டேன், உனக்கு விசா ரெடி ஆகுது, ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போன்னு. போட்டது என் தப்புத்தான். உடனே பாஸ்போர்ட் எடுத்துட்டா. பெட்டி கட்டிட்டா. தெரு முழுக்கச் சொல்லிட்டா. பெட்டிக்குள்ள ஒரு ஸ்வெட்டரு தம்பி. மஸ்கட்டுக்கு ஸ்வெட்டரு. வெளிநாடுன்னா குளிரும்னு அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அப்புறம் நான் வர வேணாம்னு எழுதும்படி ஆயிடுச்சு. எங்கம்மாவுக்கு முட்டி வலி, யாரு பாத்துக்குவான்னு எழுதினேன். அடுத்த லெட்டர்ல, அத்தை நல்லா இருக்காங்க, இங்க மழைன்னு எழுதியிருந்தா, அவ்வளவுதான். நான் ஒரு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்து பாக்கறேன், பரண் மேல அந்தப் பெட்டி கட்டினபடியே இருக்கு. பிரிக்கவே இல்ல. நான்தான் எறக்கிப் பிரிச்சேன். ஸ்வெட்டர என் தங்கச்சிக்குக் குடுத்துட்டோம், அவ அப்ப கொடைக்கானல் போறதா இருந்தா.

சரி, நாளைக்கு மலேசியா போறவன் இன்னிக்கு ஏன் மன்னார்குடி போறான்னு நீங்க கேக்கவே இல்லையே. மரியாதைக்குக் கேக்காம இருக்கீங்க. சொல்றேன்.

மங்கை டிக்கெட்டப் போட்டுட்டு வந்து சனிக்கிழமைன்னா. சனிக்கிழமை கிழக்கே சூலம் தம்பி. கிழக்க பயணம் ஆகாது. மலேசியா எந்தப் பக்கம் இருக்கு? தரையில போறவனுக்கே ஆகாதுன்னா, அந்தரத்துல போறவனுக்கு? மாத்துன்னேன். மாத்தினாக் காசு வராது, மாத்த மாட்டேன்னுட்டா. தயிரச் சாப்பிட்டுக் கெளம்பினா சூலத்துக்குப் பரிகாரம்னு சொல்வாங்க, அது திருவாரூர் வரைக்கும் சரி. கடல் தாண்டுறதுக்கு ஒரு கப் தயிரு எப்படிப் பத்தும்? அப்பத்தான் பரஸ்தானம் ஞாபகம் வந்துது. உங்க வயசுக்குக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கெளம்புற நாளு சரியில்லேன்னா, முன்னாடியே ஒரு நல்ல நாள்ல, நல்ல நேரத்துல, நம்ம சாமான் ஒண்ணக் கொண்டு போயி, போற திசையில இருக்கற இன்னொருத்தர் வீட்ல வெச்சுடணும். அந்த நிமிஷமே நாம கெளம்பிட்டதாக் கணக்கு. அப்புறம் சூலம் கிட்ட வராது.

எங்களுக்குக் கிழக்குப் பக்கத்து வீடு ஜெபமாலை டீச்சரோடது. பள்ளிக்கூட டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, தனியா இருக்காங்க. வேதக்காரங்க. போயி சூலம், பரஸ்தானம்னு சொன்னா என்ன நெனைப்பாங்களோன்னு எனக்குத் தயக்கம். அவங்க, 'கொண்டாந்து வைங்க சார், மாதா படத்துக்குக் கீழ எடம் இருக்கு, மாதா பாத்துக்குவாங்க'ன்னுட்டாங்க. நேத்து வியாழக்கிழமை, நல்ல நாளு. ஒரு மஞ்சத்துணியில கைப்பிடி பச்சரிசி, விரலி மஞ்சள், ஒத்த ரூபா வெச்சேன். அப்புறம் சாமான்னு எத வெக்கிறது? எல்லாரும் சட்டை, துண்டுன்னு வெப்பாங்க. சட்டை முன்னாடி போயி என்ன பண்ணப் போவுது? பயணத்துக்கு உயிர் எது? பாஸ்போர்ட்டு. பீரோவத் தொறந்து ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் கவரோட எடுத்து மூட்டையில வெச்சேன். மங்கை பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. நான் போயிக் குளிச்சிட்டு, ஈர வேட்டியோட மூட்டைய எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காமக் கொண்டு போயி டீச்சர் வீட்ல வெச்சுட்டு வந்தேன்.

இன்னிக்குக் காலையில மூட்டைய ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னு போறேன், டீச்சர் வீட்ல பூட்டு. இவ்வளவு பெரிய பூட்டு. ஓடி வந்து மங்கைகிட்ட சொன்னேன். அவ பொடவைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. டீச்சர் மன்னார்குடியில தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்களாம், ஞாயித்துக்கிழமைதான் வருவாங்களாம். எங்களுக்குச் சனிக்கிழமை பிளேனு. டீச்சருக்குப் போன் பண்ணினேன். மணி அந்தப் பூட்டின வீட்டுக்குள்ளயே அடிக்குது. பூட்ட ஒடைச்சுடலாம்னேன். 'டீச்சர் வீட்டுப் பூட்ட ஒடைப்பீங்களா? போயி சாவிய வாங்கிட்டு வாங்க. மன்னார்குடி என்ன மஸ்கட்டா'ன்னா. அதிர்ச்சியில என்ன பேசுறோம்னே தெரியல அவளுக்கு. பொடவைய மடிச்சா, பிரிச்சா, மறுபடி மடிச்சா. நான் கெளம்புறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'இந்தத் தடவையும் இல்லையா?' அவ்வளவுதான் கேட்டா. அது என்னமோ காதுலயே இருக்கு தம்பி, வலங்கைமான் தாண்டியும் போகல.

ஏன் வண்டி நின்னுடுச்சு? கேட்டா? நீடாமங்கலம் ரயில்வே கேட்டு. போச்சு. இது போட்டா எப்பத் தொறப்பான்னு அந்த ரயிலுக்கே தெரியாது. இப்ப மணி பதினொண்ணா? போயி டீச்சர் தங்கச்சி வீட்டத் தேடணும். தேவாலயத்துக்குப் பின்னாடித் தெருன்னு மட்டும் தெரியும், கதவு நம்பர் தெரியாது. டீச்சர் அங்க இல்லாம எங்கயாவது ஜெபத்துக்குப் போயிருந்தா? இல்ல, சாவிய வழியில எங்கயாவது விட்டிருந்தா? பயமா இருக்கு தம்பி. ஏறினதுலேர்ந்து நான் பேசிட்டே வர்றது பயத்துலதான். நான் போகாட்டிப் பரவாயில்ல, நான் பாத்தவன். நாளைக்கு அவ ஏறியாகணும்.

ஏன் அப்ப வர வேணாம்னு எழுதினேன்னா கேக்குறீங்க? அதான் சொன்னேனே, எங்கம்மாவுக்கு முட்டி... இருங்க, போன் அடிக்குது. மங்கைதான்.

ஹலோ. இல்ல மங்கை, இன்னும் போய்ச் சேரல, கேட்டுல நிக்கிறோம். நீ பயப்படாத, நான் எப்படியும்... என்னது? யாருகிட்ட இருக்கு? சத்தமாச் சொல்லு, பக்கத்துல லாரி நிக்குது. உன் கைப்பையிலயா? அப்ப அந்த மூட்டையில? ஓ. எப்ப? ஓ. அப்புறம் என்னத்துக்கு என்னை இவ்வளவு தூரம்... ம். ம். ம்.

வெச்சுட்டா.

ஒண்ணும் இல்ல தம்பி. தண்ணி இருக்கா? குடுங்க.

புதுப் பாஸ்போர்ட் ரெண்டும் அவ கைப்பையில இருக்காம். நேத்து நான் குளிக்கப் போன நேரத்துல மாத்திட்டாளாம். மூட்டையில இருக்கறது பழசு ரெண்டு, மூலைய வெட்டிக் குடுத்தாங்களே, அது. என்னோட மஸ்கட்டு பாஸ்போர்ட்டு ஒண்ணு. அவ தொண்ணூத்தேழுல எடுத்தது ஒண்ணு. அதுல ஒரு சீலு கூடக் கிடையாது, வெத்துப் பக்கம்தான். 'அதுவும் ஒரு தடவ வீட்ட விட்டுக் கெளம்பட்டுமேன்னு வெச்சேங்க, பக்கத்து வீடு வரைக்குமாவது'ங்கறா. சாதாரணமாச் சொல்றா தம்பி, உப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி.

அப்புறம் என்னத்துக்கு என்னை அனுப்பினன்னு கேட்டேன். கேட்டது உங்க காதுலயும் விழுந்திருக்கும். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'எல்லாத்தையும் கட்டி வெச்சுட்டு, போவோமா மாட்டோமான்னு தெரியாம உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு. எனக்கு ஒரு வருஷம். உங்களுக்கு ஒண்ணரை மணி நேரம் போதும். எறங்கி வாங்க.' இதான் சொன்னா.

இன்னொண்ணும் சொன்னா. அத உங்ககிட்ட சொல்லலாமா தெரியல. சொல்லிடுறேன். நீங்க யாரோ, நான் யாரோ, எறங்கினா மறந்துடப் போறோம். ஃபாரம் ரொப்புறதுக்கு என் பழைய பாஸ்போர்ட்ட வாங்கினா இல்ல? பக்கம் பக்கமாப் பாத்திருக்கா. மஸ்கட்டு விசாவுல என்ன வேலைன்னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கும். கிச்சன் இன்சார்ஜுன்னு இல்ல தம்பி. கிளீனருன்னு இருக்கும். நான் அங்க பாத்திரம் கழுவினேன். மூணு வருஷமும் அதான். ஒரு ரூம்ல ஒன்பது பேரு. பெருமைக்கு அவளுக்கு விசான்னு எழுதிட்டேன், விசாவும் எடுக்கல, எடுக்கவும் முடியாது. அவ நெசமாவே பெட்டியக் கட்டிட்டான்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்கம்மாவுக்கு அப்ப முட்டி வலியே கிடையாது. தொண்ணூறு வயசு வரைக்கும் மாடிப்படி ஏறினாங்க.

மூணு மாசமாத் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. நான் நாற்காலியப் போட்டு ட்ரெயினிங் குடுத்தப்பவும் தெரியும். இப்பத்தான், வெக்கிறதுக்கு முன்னாடி சொல்றா. 'பாத்திரம் கழுவினா என்னங்க? நானும் வந்து ஒரு மாசம் கூட நின்னு கழுவியிருப்பேன். சாயங்காலம் ரெண்டு பேரும் கடலப் பாத்திருப்போம்ல.'

நான் இதயெல்லாம் ஒரு நாளும் யோசிக்கல தம்பி. வெக்கமா இருக்கு. ஆனா பாருங்க, நெஞ்சுல ஏதோ ஒண்ணு எறங்கின மாதிரியும் இருக்கு. சிரிப்பு வேற வருது, இதென்ன எழவு, அழுகையும் வருது. போயி நேர்ல சொல்லணும். என் வாயால சொல்லணும்.

கண்டக்டர், கொஞ்சம் இருங்க, இங்க ஒரு எறக்கம். இல்லீங்க, மன்னார்குடி வேணாம், மிச்சக் காசும் வேணாம். தம்பி, காலக் கொஞ்சம் மடக்கிக்குங்க. கேட்டு தொறக்கறதுக்குள்ள எறங்கி, திரும்பிப் போற கும்பகோணம் வண்டியப் புடிக்கணும். காலையில ஏழு மணிக்குக் காரு வருதாம். 'நீங்க வந்தா ரெண்டு பேரா போவோம், வராட்டி நான் போயிட்டு வர்றேன்'னு சொல்லிட்டுத்தான் வெச்சா. போயிடுவா தம்பி. குரலக் கேட்டாத் தெரியுது, நான் இருந்தாலும் இல்லாட்டியும் நாளைக்கு அவ ஏறிடுவா. கொஞ்சம் வழி விடுங்க, நான் அவகூடப் போகணும்.